யாருக்குக் கொடுத்த கேடயம்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் நாற்பது நினைவுக் கேடயங்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட எனக்கென்று யாரும் கொடுத்ததில்லை. நாற்பத்தொன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் என்னால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வளைகுடா நாடு ஒன்றின் தலைநகரத்தில், ஐரோப்பாவின் வடக்கே இருக்கிற ஒரு சிறிய குளிர்நாட்டின் தூதரகத்தில் பத்தொன்பது வருடம் கார் ஓட்டினேன். அந்தக் காலத்தில் ஐந்து தூதர்கள் வந்து போனார்கள். நான் மட்டும் மாறவில்லை. காரைக்குடியிலிருந்து போனவன் என்பதால் தூதரகத்தில் இருந்த மலையாளிச் சமையல்காரர் என்னைச் செட்டிநாடு என்றே கூப்பிடுவார். செட்டியார் இல்லை, முஸ்லிம் என்று பலமுறை சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நாட்டுக்கு நாடு உறவு என்பதில் கேடயத்துக்கு இவ்வளவு இடம் உண்டு என்பது அந்த வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடற்படைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் ஒரு கேடயம். தூதர் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஒன்று, நகராட்சித் தலைவரைப் பார்த்தால் ஒன்று, தீயணைப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்தால்கூட ஒன்று. தேக்கு நிறத்தில் ஒரு பலகை, அதன்மேல் பித்தளைத் தகடு, நடுவில் ஏதாவது ஒரு சின்னம், கீழே ‘நட்பின் நினைவாக’ என்று இரண்டு மொழியில் எழுத்து. வெல்வெட் பெட்டிக்குள் வைத்துத் தருவார்கள். நாங்களும் பதிலுக்குத் தருவோம். தூதரகத்தின் ஸ்டோர் அறையில் கலைமான் தலை பொறித்த கேடயங்கள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும். காலையில் கிளம்பும்போது இன்றைக்கு எத்தனை என்று செயலாளரம்மாவிடம் கேட்டு டிக்கியில் எடுத்து வைப்பது என் வேலை. போகும்போது நம்முடையது இரண்டு போனால் வரும்போது அவர்களுடையது இரண்டு வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருநாள் தூதரின் வீட்டுப் பின்புறம் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெல்வெட் பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் கேடயம். போன வாரம்தான் அதை ஒரு அமைச்சர் இரண்டு கையாலும் எடுத்து நீட்டியதையும், எங்கள் தூதர் தலைகுனிந்து வாங்கியதையும், பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று படம் எடுத்ததையும் கதவோரம் நின்று பார்த்திருந்தேன். எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஏதோ தவறி விழுந்துவிட்டது என்று நினைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய்ச் செயலாளரம்மாவிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“எங்கே வைப்பது? இடமில்லை. உனக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்” என்றார்.

அதை என் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டில் தலைமாட்டில் சாய்த்து வைத்தேன். அவ்வளவு மரியாதையோடு கொடுத்த பொருளை ஒரே வாரத்தில் ஏன் தூக்கிப் போட்டார்கள்? போடுகிற பொருளை ஏன் அவ்வளவு மரியாதையோடு வாங்கினார்கள்? அதைப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் யோசித்தேன். விடை கிடைத்திருந்தால் அந்த ஒன்றோடு விட்டிருப்பேனோ என்னவோ. அதன்பிறகு போடுகிறார்கள் என்று தெரிந்தால் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு தூதர் மாற்றலாகிப் போகும்போது சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டுவார்கள். பச்சை டேப் ஒட்டியது ஊருக்குப் போவது, சிவப்பு டேப் ஒட்டியது கழிப்பது. சிவப்பு டேப் பெட்டியிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கெல்லாம் அனுமதி உண்டு. சமையல்காரர் பீங்கான் தட்டுகளை எடுப்பார். நான் கேடயங்களை எடுப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். கூடத்தில் வைத்து இரும்புப் பெட்டியைத் திறந்ததும் என் மனைவி இரண்டு மூன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“என்ன மச்சான் இது? பெட்டி பூரா ஷீல்டு?”

“எல்லாம் பல நாட்டுக்காரங்க குடுத்தது.”

“ஒங்களுக்கா குடுத்தாக?”

“எனக்கில்ல. தூதருக்கு.”

“அப்ப ஏன் இங்குட்டு வந்துச்சு?”

சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சரியான காரணமாகப் படவில்லை. கடைசியில் அவளே ஒரு சுவரைக் காலி செய்து கொடுத்தாள். வெறும் சுவராக இருப்பதற்கு இது தேவலாம் என்றாள்.

கேடயங்களை மாட்டிய பிறகு தெருவில் வேறொரு குழப்பம் தொடங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் அவை எனக்குக் கிடைத்தவை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு ‘ஷீல்டு வீடு’ என்று பெயர் வைத்தார்கள். கல்லல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரவேண்டும் என்று தலைமையாசிரியரே நேரில் வந்து அழைத்தார்.

“சார், நான் அங்க டிரைவரா இருந்தேன்” என்று தெளிவாகத்தான் சொன்னேன்.

“பெரிய எடத்துல இருந்தவக இப்படித்தான் அடக்கமாச் சொல்லுவீக” என்றார் அவர்.

மேடையில் என்னைத் தூதரகத்தில் உயர்பதவி வகித்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். எழுந்து மறுத்துப் பேச நினைத்தேன். அதற்குள் கைதட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையால் கோப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் வழியில், நான் பொய் சொன்னேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சென்ற வருடம் மார்கழியில் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த நான்காவது தூதரின் மகள். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொத்தமங்கலத்தில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய பெரிய வீட்டில் தங்கியிருந்தார். அப்பா எப்போதும் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார், இவ்வளவு தூரம் வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கல்லூரியில் படிக்கும்போது விடுமுறைக்கு அப்பாவிடம் வருவார், விமான நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வருவேன். இப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தோம். என் மனைவி ஆட்டுக்கறி சமைத்தாள். காரம் கூடிவிடுமோ என்று பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எங்கள் மகள் நாலு தடவை ருசி பார்த்தாள். அந்தப் பெண் வந்தார், எல்லாரையும் கும்பிட்டார், உட்காரப் போனவர் சுவரைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றார். ஒவ்வொரு கேடயமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். மூன்றாவது வரிசையில் ஒன்றின் முன்னால் நின்றவர் அப்புறம் நகரவில்லை.

அது பாய்மரப் படகு பொறித்த கேடயம். நான் வேலை பார்த்த வளைகுடா நாட்டின் வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில் கொடுத்தது.

“இது இங்கேயா இருக்கிறது?” என்றார். “பதினொரு வருடமாக அப்பா இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.”

சிவப்பு டேப் பெட்டியிலிருந்து எடுத்தது என்றேன். அவர் மெதுவாகத் தலையை அசைத்தார்.

“இல்லை. இதை நான்தான் என் கையால் செய்தித்தாளில் சுற்றிப் பச்சைப் பெட்டியில் வைத்தேன். அம்மா கடைசியாக அப்பாவோடு போன ஊர் அது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

அந்தத் துறைமுக ஊர் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நாலு மணி நேர ஓட்டம். அங்கே இடிந்துகிடந்த ஒரு பழைய கலங்கரை விளக்கத்தைச் செப்பனிட எங்கள் தூதரக நாடு உதவியிருந்தது. அதன் திறப்புக்குத் தூதரும் அவர் மனைவியும் போனார்கள். நகராட்சித் தலைவர் வீட்டில் தரையில் விரிப்புப் போட்டுப் பெரிய தாம்பாளத்தில் சோறும் மீனும் வைத்தார்கள். ஓட்டுநர் வெளியே நிற்கக்கூடாது என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். கையால் சோறு எடுக்கத் தெரியாமல் அந்த அம்மாள் தடுமாறினார். என்னைப் பார்த்து எப்படி என்று கேட்டார். கட்டைவிரலால் தள்ளவேண்டும் என்று காட்டினேன். இரண்டாவது வாயிலேயே பழகிக்கொண்டு சிரித்தார். அடுத்த வருடம் புற்றுநோயில் இறந்துபோனார்.

சுவரிலிருந்து கேடயத்தை இறக்கினேன். பின்னால் நான் திருகியிருந்த கொக்கியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. என் மனைவி புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து அதில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். வேண்டுமென்று செய்யவில்லை அம்மா என்றேன். தெரியும், தெரியும் என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதே.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டாள்.

“இப்ப அந்தப் புள்ள ஒங்களத் திருடன்னு நெனச்சுட்டுப் போகுதா, நல்லவருன்னு நெனச்சுட்டுப் போகுதா?”

“தெரியல.”

“நீங்க எடுத்தது செவப்பு டேப்புதானே?”

“செவப்புதான்.”

“நெசமா?”

நிஜமாக என்று சொல்ல வாயெடுத்தேன். நினைத்துப் பார்த்தால் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் மட்டும் தெரிகிறது. அதை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன், பெட்டியிலிருந்துதான் எடுத்தேனா என்பது தெரியவில்லை. அடுத்த சில வாரங்கள் நான் நானாக இல்லை. தொழுகையில் நிற்கும்போதும் டேப் நிறம்தான் கண்ணில் வந்தது. மற்ற நாற்பதையும் இறக்கிப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று மகளிடம் கேட்டேன்.

“ஏன் அத்தா? அதையும் யாராச்சும் தேடி வந்துருவாகன்னா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஒங்களுக்கு அனுமதி இருந்துச்சுல்ல. அதுக்கு மேல ஏன் போட்டுக் கொழப்பிக்கிறீக?” என்றாள். அனுமதி இருந்தது சிவப்புப் பெட்டிக்கு மட்டும்தானே என்று சொல்லாமல் விட்டேன்.

நாலு மாதம் கழித்து என் மகளின் மின்னஞ்சலுக்கு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படகுக் கேடயத்தைப் பார்த்ததும் அப்பா மிகவும் மகிழ்ந்தார், தன் நாற்காலிக்கு எதிரே மாட்டச் சொன்னார் என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் எழுதியிருந்ததை மகள் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகப் பரணிலிருந்த பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். பதினொரு வருடமாகப் பிரிக்காத ஒரு பச்சை டேப் பெட்டியில், செய்தித்தாள் சுற்றி, அதே படகுக் கேடயம் இருந்திருக்கிறது. அப்படியே இரட்டைப் பிறவி. அவர் கையால் சுற்றியது அதுதான். அப்படியானால் நீங்கள் கொடுத்தது எது என்று கேட்டிருந்தார். அப்பாவுக்கு இப்போது நினைவு சரியில்லை, ஒருநாள் ஒன்று சொல்கிறார், மறுநாள் வேறு சொல்கிறார். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு என்றார் ஒருநாள். இன்னொரு நாள், ஒன்று எனக்கு, ஒன்று ஓட்டுநருக்கு, அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுநருக்குக் கொடுக்காமல் விடமாட்டார்கள் என்றாராம். உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா, உங்களைத் தவறாக நினைத்துவிட்டேனோ என்று வருத்தமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று முடித்திருந்தார்.

“அல்லாவே, அது ஒங்களுக்கே குடுத்தது மச்சான்!” என்று கத்திவிட்டாள் என் மனைவி.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. முதலில் நான் திருடன் இல்லை என்ற நிம்மதி வந்தது. அது வந்த கையோடு வேறொரு கலக்கம் வந்து உட்கார்ந்தது.

அந்தத் துறைமுக ஊரில் அன்று சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நகராட்சித் தலைவரின் அண்ணனோ மாமனோ ஒரு பெரியவர் வந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்தார். அரபியில் ஏதோ சொன்னார். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், கடைக்குப் போகிற அளவுக்குப் பேச்சும் தெரியும். ஆனால் அவர் பல் இல்லாத வாயால் வேகமாகச் சொன்னார். ஷுக்ரன் என்று நன்றி சொல்லி வாங்கி டிக்கியில் வைத்தேன். தூதர் உள்ளே இன்னொன்று வாங்கியதை நான் பார்க்கவில்லை. தலைநகரம் திரும்பியதும் டிக்கியில் இருந்த எல்லாவற்றையும் வழக்கம்போலத் தூதர் வீட்டு மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். பத்தொன்பது வருடமும் அப்படித்தான். யார் என் கையில் எதைக் கொடுத்தாலும் அது காரில் வைப்பதற்கு என்றே வாங்கினேன். பேரீச்சம்பழப் பெட்டி கொடுத்தாலும் சரி, பூங்கொத்து கொடுத்தாலும் சரி. கொடுத்தவர்கள் என் கண்ணைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. நான்தான் பொருளைப் பார்த்தேன்.

அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? இது உனக்கு என்றாரா? இதை உன் எஜமானரிடம் கொடு என்றாரா? எத்தனை முறை நினைத்தாலும் அவர் உதடு அசைவதுதான் தெரிகிறது, சொல் வரவில்லை. அது எனக்கே கொடுத்ததென்றால், அதைத் தூதர் மேசையில் வைத்துவிட்டு, பிறகு அவர்கள் கழித்ததிலிருந்து நானே பொறுக்கி எடுத்து, பிறகு திருட்டுப்பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்திருக்கிறேன். அது எனக்கில்லை என்றால் இவ்வளவு யோசிப்பதே அதிகம்.

எது என்று எனக்கும் தெரியவில்லை என்று மகளை எழுதச் சொன்னேன். “ஒங்களுக்குத்தான்னு எழுதுங்களேன், அவுகளே அப்படித்தானே சொல்றாக” என்றாள் மனைவி. தெரியாததை எப்படி எழுதுவது என்றேன். உள்ளபடியே மகள் எழுதினாள்.

பதிலுக்குக் கேடயமே வந்தது. சுங்கச் சோதனையெல்லாம் முடிந்து, காரைக்குடித் தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூடவே ஒரு சின்னக் கடிதம். உங்கள் கொக்கி இருப்பதை அப்பா சுவரிலிருந்து இறக்க விடவில்லை, அதனால் பரணில் கிடைத்ததை அனுப்புகிறேன், எது யாருடையது என்று இனி நாம் பார்க்கவேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆக, அந்தப் பெண் தன் கையால் சுற்றி வைத்தது இப்போது என் வீட்டில். பதினொரு வருடம் என்னிடம் இருந்தது அங்கே.

நன்றி சொல்ல ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவில் அழைத்தோம். அவர் பேசிவிட்டு, அப்பா இன்று நன்றாக இருக்கிறார் என்று போனை அவரிடம் கொண்டுபோனார். தலைமுடி எல்லாம் வெளுத்து, கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் பெயரைச் சொன்னார், அவர் எப்போதும் சொல்கிற அதே தப்பான உச்சரிப்பில்.

“கார் தயாரா?” என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார்.

“தயார் சார்” என்றேன்.

“பத்து நிமிடத்தில் இறங்கி வருகிறேன். மேடம் இன்னும் தயாராகவில்லை.”

“சரி சார். வெயிட் பண்ணுறேன்.”

போனை வைத்தபிறகு மனைவி அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மகள் தமிழில் சொன்னாள். மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“அப்ப அந்த மனுசருக்கு ஒங்கள நெனப்பிருக்குன்னு சொல்றதா, மறந்துட்டாருன்னு சொல்றதா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் தேநீர் போட எழுந்து போனாள். நான் புதிதாக வந்த கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் மாட்டலாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் முன்பு படகுக் கேடயம் தொங்கிய இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே மாட்டினால் மற்றவற்றோடு சேர்ந்துவிடும், தனியாக மாட்டினால் எனக்குக் கொடுத்தது என்று நானே சொல்லிக்கொண்டதாகிவிடும். தேநீர் வந்ததும் அதை அலமாரியின் மேல் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.